குளத்தில் மிதப்பது அசோலாதானா? புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்!

மழை ஓய்ந்த சில வாரங்களில் ஊர்க் குளத்தின் மேல் பச்சைப் போர்வை விரித்தாற்போல் ஏதோ மிதக்கும். பார்க்கிறவர்கள் ‘பாசி’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் கோழி, மாடு வைத்திருப்பவர்களோ, ‘அசோலாதானே, இதைப் போய் காசு கொடுத்து வாங்கணுமா?’ என்று ஒரு வாளி அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

தூரத்தில் இருந்து பார்த்தால் அசோலா, டக்வீட், சால்வீனியா மூன்றும் ஒரே மாதிரிதான். மூன்றுமே பாசி கிடையாது. டக்வீட் பூக்கும் செடி. மற்ற இரண்டும் பெரணி வகை.

கையில் எடுத்தால்...

பச்சைப்பயறைப் பாதியாக உடைத்துத் தூவியது போல இருந்தால் அது டக்வீட். தண்டு எது, இலை எது என்று பிரிக்கவே முடியாது. புரட்டினால் ஒரே ஒரு நூல் வேர் தொங்குகிறதா? அது லெம்னா. வேர்கள் கொத்தாக இருந்து, அடிப்பக்கம் செவ்வூதாவாக இருந்தால் ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் ரவை போல விரலில் ஒட்டினால் வுல்ஃபியா. உலகின் மிகச் சிறிய பூக்கும் செடி. தாய்லாந்தில் இதைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள்!

அசோலாவில் குட்டி இலைகள் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். வெயில் கடுமையானால் சிவந்துவிடும். இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. தீவனமாகவும் நெல் வயலுக்கு உரமாகவும் இதற்கு மவுசு வந்தது அதனால்தான்.

சால்வீனியாவின் இலை இவற்றைவிடப் பெரிது. மேலே நுண்ணிய முடிகள் இருக்கும். தண்ணீரில் அமுக்கினாலும் நனையாமல் மேலே வரும். அடியில் பழுப்பாகத் தொங்குவதை வேர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது உருமாறிய இலை.

பிரேசிலைச் சேர்ந்த இந்தச் செடி 1939-இல் கொழும்புக்கு வந்து இலங்கை நீர்நிலைகளில் பரவியது. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்ற பெயரில் படகுகளையும் நெல் வயல்களையும் படாதபாடு படுத்தியது. 1980-களில் இதை மட்டுமே தின்னும் ஒரு கூன்வண்டை விட்ட பிறகுதான் அங்கே ஓரளவு அடங்கியது. உடைந்த சிறு துண்டு போதும், மறுபடி முளைத்துவிடும். அதனால் சால்வீனியா என்று தெரிந்தால் வாளியில் அள்ளி வேறு குளத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

அடையாளம் சரி, தண்ணீர் எப்படி?

மூன்றுக்கும் ஓடாத தண்ணீர்தான் பிடிக்கும். அதிலும் டக்வீட் குளத்தையே மூடுகிறது என்றால், சாக்கடையோ வயல் உரமோ அதில் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்க மூடிவிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். கழிவுநீரில் உள்ள கன உலோகங்களையும் இந்தச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். அசோலாவேதான் என்று உறுதியானாலும், அப்படிப்பட்ட ஏரியில் அள்ளியது மாட்டுக்கு ஆகாது.

தீவனத்துக்கு வேண்டுமென்றால் வேளாண் அறிவியல் நிலையத்தில் விதை அசோலா கேட்கலாம். அரைநிழலில் ஒரு தார்ப்பாய்த் தொட்டி, ஒரு சாண்கூடத் தேவைப்படாத ஆழத்துக்குத் தண்ணீர், கொஞ்சம் சாணக் கரைசல் இருந்தால் வளர்ந்துவிடும். மிஞ்சுவதைக் கால்வாயில் கொட்டாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடலாம்.