ஒரே சட்டியில் இரு சுவை: குழந்தைகளுக்கும் ஏற்ற சார்டின் சம்பல்

தோட்டப்புறத் தாய்மார்களின் காலைப் பொழுது எத்துணைக் குறுகியது என்பதை நாம் நன்கு அறிவோம். விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, கறி சமைத்து, பிள்ளைகளுக்குரியதை எடுத்து வைத்துப் பிரட்டுக்குச் செல்ல வேண்டும். பெரியோருக்கு ஒரு கறி, சிறியோருக்கு ஒரு கறி எனத் தனித்தனியே சமைக்க நேரம் இடந்தராது. ஆகவே, ஒரே சட்டியில் காரமான சம்பல் சமைக்கப்படுகிறது. அதை உண்ண இயலாத சிறு குழந்தைக்கோ மீன் துண்டை நீரில் கழுவி ஊட்டுகின்றனர். அல்லது சோற்றில் சிறிது கிச்சாப்பை ஊற்றிப் பிசைந்து கொடுத்து விடுகின்றனர்.

இவ்விரு வழக்கங்களும் குழந்தைக்கு நன்மை தருவன அல்ல. கிச்சாப்புச் சோற்றில் மாவுச்சத்தும் உப்புமே மிகுதி. வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு. மீனைக் கழுவினாலோ தக்காளியின் சத்தும் எண்ணெயும் நீரோடு போய்விடுகின்றன. காரம் மட்டும் முற்றும் போவதில்லை. இதற்குக் காரணம் யாது? அதனை அறிந்துகொண்டால், குறைந்த நேரத்தில் குடும்பம் முழுவதற்கும் சமைக்கும் வழியும் விளங்கும்.

காரத்தின் இயல்பு

மிளகாயின் காரத்திற்குக் காரணமான பொருள் கேப்சைசின் எனப்படும். அது நீரில் கரைவதில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். எனவேதான் சம்பலில் மிதக்கும் சிவந்த எண்ணெய் மிகக் காரமாக இருக்கிறது; தண்ணீர் குடித்தாலும் வாயின் எரிச்சல் தணிவதில்லை. பால் அல்லது தயிர் அருந்தினால் எரிச்சல் விரைவில் அடங்கும்.

நம் உடலில் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளையே இப்பொருள் தூண்டுகிறது. சுடாத உணவும் சுட்டது போன்ற உணர்ச்சியைத் தருவது இதனால்தான். இவ்வுணர்வு நிகழும் முறையைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர். ஆகவே, "எரிகிறது" என்று அழும் குழந்தை பொய்யாக அடம்பிடிக்கவில்லை. பழகாத நாவுக்கு அது மெய்யான வேதனையே.

விதையே மிகக் காரமான பகுதி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறத் தசையிலேதான் காரம் மிகுந்துள்ளது. விதையோடு அத்தசையையும் நீக்கினால் காரம் பெரிதும் குறையும்.

மிளகாய் இல்லாவிடில் சுவையே இராது என்பாரும் உளர். அமெரிக்கக் கண்டத்திற்குரிய மிளகாய், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர் மிளகு, இஞ்சி, சீரகம் முதலியவற்றைக் கொண்டே சுவைபடச் சமைத்தனர். மிளகாய் என்ற பெயரே மிளகின் பெயரைத் தழுவி அமைந்ததுதான்.

தேவையான பொருள்கள்

பெரியோர் இருவரும், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருவரும் உள்ள குடும்பத்திற்கு உரிய அளவு இது:

தக்காளிக் குழம்பிலிட்ட சார்டின் மீன், 425 கிராம் டின் ஒன்று
பெரிய வெங்காயம் 2
தக்காளி 2
உருளைக்கிழங்கு 1
கேரட் 1
பூண்டு 3 பல்
இஞ்சி, சிறு துண்டு
கறிவேப்பிலை, ஒரு கொத்து
மஞ்சள் தூள், கால் தேக்கரண்டி
மல்லித் தூள், 1 தேக்கரண்டி
சீரகத் தூள், அரைத் தேக்கரண்டி
சமையல் எண்ணெய், 4 மேசைக்கரண்டி
காய்ந்த மிளகாய் 10
புளி, நெல்லிக்காய் அளவு

செய்முறை

முதல் நாள் மாலையிலேயே மிளகாய் விழுதைத் தயாரித்து வைப்பது நலம். காய்ந்த மிளகாயைக் கத்தரித்து விதைகளை உதிர்த்து, வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து அரைக்கவும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் எண்ணெய் பிரியும் வரை மெல்லிய தீயில் வதக்கி, ஆறியபின் ஈரமில்லாத புட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். இவ்வேலையை வீட்டிலுள்ள ஆண்களும் செய்யலாம், செய்வது முறையுமாகும்.

காலையில் மீதி எண்ணெயைச் சட்டியில் காயவைத்து, நறுக்கிய வெங்காயம், நசுக்கிய பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கவும். சிறு சிறு துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தூள் வகைகளையும் சேர்த்து, அரைக் குவளை நீர் ஊற்றி மூடி, சுமார் 8 நிமிடம் வேகவிடவும். கிழங்கு மெத்தென வெந்ததும் நறுக்கிய தக்காளியைச் சேர்க்கவும். அது குழைந்தபின் சார்டினைக் குழம்போடு ஊற்றி 5 நிமிடம் கொதிக்க விடவும்.

இப்பொழுதுதான் முக்கியமான கட்டம். மிளகாய் சேர்க்குமுன், குழந்தைகளின் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். அப்பங்கில் உப்புச் சேர்க்க வேண்டுவதில்லை. டின் மீனில் உள்ள உப்பே போதுமானது. டின்னில் உள்ள மீனின் முள் மென்மையாக இருக்கும். அதைக் கரண்டியால் நன்கு மசித்துக் கொடுத்தால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

பின்னர், சட்டியில் எஞ்சியதில் மிளகாய் விழுதையும் புளிக்கரைசலையும் தேவையான உப்பையும் சேர்த்து மேலும் 5 நிமிடம் கொதிக்க வைத்தால் பெரியோருக்குரிய சம்பல் ஆயத்தம். குழந்தைகளின் பங்கு தக்காளியாலும் கேரட்டாலும் சிவந்தே இருக்கும். தந்தையின் தட்டில் உள்ளதே தன் தட்டிலும் இருக்கிறது என்ற மகிழ்ச்சியோடு குழந்தை உண்ணும். மிளகாய்ச் சட்டியில் இட்ட கரண்டியை மட்டும் குழந்தைகளின் பாத்திரத்தில் இடலாகாது.

சார்டினுக்குப் பதிலாக முட்டை, தெம்பே, தவ்வு ஆகியவற்றைக் கொண்டும் இம்முறையிலேயே சமைக்கலாம். நிலக்கடலையை முழுதாகச் சேர்த்தல் கூடாது. சிறு குழந்தைகளின் தொண்டையில் அது சிக்கிக்கொள்ளக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்த டின் மீன் ஏற்றதன்று, உப்பு மிகுதி. முள் நீக்கிய புதிய மீனை உப்பின்றி வேகவைத்துச் சோற்றோடு மசித்துக் கொடுக்கலாம்.

காலையில் சமைத்த மீனை நண்பகல் கடந்தும் வெளியே வைத்திருந்து குழந்தைக்கு ஊட்டுதல் ஆபத்தானது. நம் நாட்டின் வெப்பத்தில் உணவு விரைவில் கெடும். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் அதை உண்டுவிட வேண்டும். அதற்கு மேல் வைக்க வேண்டுமாயின், ஆறியவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கொடுக்குமுன் கொதிக்கச் சூடாக்குமாறு பராமரிப்பவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

உணவோடு தேநீர் கொடுப்பதைத் தவிர்க்கவும். உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கிறது.

மிளகாயைத் தொட்ட கையால் குழந்தையைத் தூக்கலாகாது. கையில் சிறிது எண்ணெய் தடவித் துடைத்து, பின் சவர்க்காரமிட்டுக் கழுவவும். கண்ணில் பட்டுவிட்டால், தூய நீரை 15 நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவி, எரிச்சல் தணியாவிடில் கிளினிக்கிற்குக் கொண்டு செல்லவும்.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். அடம்பிடிக்கும் பிள்ளையின் வாயில் மிளகாய் தேய்ப்பதும், மிளகாய்ப் புகை காட்டுவதும் சில இல்லங்களில் தண்டனையாக இருந்து வந்துள்ளன. இவை கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு விளைவிப்பவை. இத்தகைய தண்டனையை அறவே விட்டொழிக்க வேண்டும்.

காரத்தைப் பழக்குதல்

குழந்தை வளர வளர, தானே விரும்பிக் கேட்கும்போது, அதன் பங்கில் மிளகாய் விழுதை ஒரு துளி கலந்து கொடுக்கலாம். விரும்பி உண்டால் சில வாரங்கள் கழித்துச் சிறிது கூட்டலாம். மறுத்தால் வற்புறுத்த வேண்டா. நாவைப் பழக்குவதில் அவசரம் எதுவும் இல்லை. வயிறார உண்டு, சத்துப் பெற்று வளர்வதே குழந்தைக்கு முதன்மையானது.

இம்முறைக்கு மேலும் ஓர் அடுப்போ மேலும் ஒரு மணி நேரமோ தேவையில்லை. மிளகாய் சேர்க்குமுன் ஒரு கரண்டியும் ஒரு சிறு பாத்திரமும் கையில் இருந்தால் போதும். நாளைக் காலையே இதனைச் செய்து பார்க்குமாறு தாய்மார்களையும் தந்தைமார்களையும் கேட்டுக்கொள்கிறோம்.