பல் வேருக்குள் திரிபலா

வேர் சிகிச்சைக்கு உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாசனை மறந்திருக்காது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று குழாயைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அதே வாசனை. மருத்துவர் மெல்லிய ஊசியால் பல்லுக்குள் எதையோ செலுத்துகிறார். உறிஞ்சுகுழாய் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்கிறது. ஒரு துளி நாக்கில் பட்டால் முகம் கோணிவிடும். அந்தத் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் இதுதான்.

இதைப் போய் வாய்க்குள் விடுவானேன், நம்மிடம் வேம்பு இல்லையா, திரிபலா இல்லையா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பல் மருத்துவ ஆய்வாளர்களும் இதையே கேட்டு, திரிபலா, பச்சைத் தேயிலை, வேம்பு, நோனிப் பழச்சாறு, மஞ்சள், துளசி, மிஸ்வாக் குச்சி தரும் உகாய் மரம் என்று வரிசையாகச் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதற்கு முன், அங்கே கழுவ வேண்டியது என்ன என்பது தெரிய வேண்டும்.

பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் கலந்த மென்மையான சதை இருக்கிறது. பற்கூழ் என்பார்கள். சொத்தை அதுவரை இறங்கிவிட்டால் கிருமி புகுந்து அது அழுகுகிறது. அழுகலுக்குக் காரணம் கிருமிதான் என்பது 1965இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையில் தெளிவானது. பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு அது செத்து, சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கோ, தீனித் துணுக்குகள் உள்ளே அடைத்துக்கொண்டபோதும், திறந்த இடம் தானாகவே மூடிக்கொண்டது. ஆகவே வேர் சிகிச்சை என்பது அழுகிய சதையை எடுத்து, கிருமியை விரட்டி, மறுபடி புகாதபடி அடைப்பது.

எடுப்பதற்கு மெல்லிய அரங்கள் இருக்கின்றன. பிறகு கழுவுவானேன்? வேரின் உள்வழி நேரான குழாயாக இருந்தால் கழுவ அவ்வளவு தேவை இருக்காது. அது அப்படி இல்லை. நாடாப் போல் தட்டையாக இருக்கும், வளையும், இரண்டு வழிகளுக்கு நடுவே சந்து ஓடும், பக்கவாட்டில் கிளை பிரியும். அரம் நடுவில் மட்டும் வட்டமாகத் தேய்த்துவிட்டு வந்துவிடுகிறது. நுண் சி.டி. படங்களில் அளந்து பார்த்தபோது, உட்சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரம் தொடவே இல்லை என்று தெரிந்தது. கழுத்து குறுகிய எண்ணெய்ப் புட்டியைக் குச்சி விட்டுத் துடைத்தால் எவ்வளவு போகும், அவ்வளவுதான். மீதியை நீர்தான் போய்க் கழுவ வேண்டும்.

சுவரும் வழவழப்பான சுவர் அல்ல. அந்தச் சுவரான டென்டின் முழுக்க நுண்துளைகள். ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டரை மைக்ரான் அகலம், சதுர மில்லிமீட்டருக்குப் பல ஆயிரம். என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்றொரு பாக்டீரியா, ஒரு மைக்ரானுக்கும் சிறியது, அந்தத் துளைக்குள் தாராளமாக நுழையும். உணவில்லாமல் நெடுநாள் தாங்கும், கடுமையான காரத்தையும் சமாளிக்கும். ஒரு முறை சிகிச்சை செய்து தோற்றுப்போன பற்களில் அடிக்கடி அகப்படுவது இதுதான். அதனாலேயே மூலிகை ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கிருமியையே எதிரியாக வைத்துக்கொள்கின்றன.

இன்னொரு தொல்லை, அரம் தேய்த்த தூள். டென்டின் துகளும் சதைப்பிசிறும் கலந்து சுவரில் அப்பி, துளைகளின் வாயை அடைத்துவிடும். குத்துவிளக்கு விளக்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த்தூள் வேண்டும், களிம்புக்குப் புளி வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. பல்லுக்குள்ளும் அதே கதைதான். செத்த சதையைக் கரைக்க ஹைப்போகுளோரைட், தாதுத்துகளை இழுத்தெடுக்க ஈ.டி.டி.ஏ. என்ற இன்னொரு திரவம். முன்னதை 0.5 முதல் 6 சதவீதம் வரையிலும், பின்னதைப் பெரும்பாலும் 17 சதவீதத்திலும் பயன்படுத்துகிறார்கள்.

ஹைப்போகுளோரைட் பல்லுக்கு வந்த வழி போர்க்களத்தின் வழி. முதல் உலகப்போரில் சீழ்பிடித்த காயங்களைக் கழுவ, வேதியியலாளர் ஹென்றி டேகின் அதை 0.5 சதவீதமாக நீர்த்துக் கொடுத்தார். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சி காரெல் அதைக் காயங்களுக்குள் விட்டுவிட்டுச் செலுத்தும் முறையை வகுத்தார். போர் முடிந்த கையோடு பல் மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நூறு ஆண்டு ஆகியும் அந்த இடத்தை வேறொன்று பிடிக்கவில்லை. காரணம் கிருமியைக் கொல்வது மட்டுமல்ல, கொல்ல வேறு எத்தனையோ இருக்கின்றன. அழுகிய சதையைக் கரைப்பதில் இதற்கு ஈடாக இன்னொன்று அகப்படவில்லை.

அந்தக் குணமே அதன் குற்றமும். செத்த சதை, உயிருள்ள சதை என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. வேர்நுனியைத் தாண்டி எலும்புக்குள் கசிந்தால் அந்த நொடியே கடுமையான வலி, சில நிமிடங்களில் வீக்கம், பிறகு கன்னத்தில் ரத்தம் கட்டிய நீலம். அரிதாகத்தான் நடக்கும். அனுபவித்தவரிடம் கேட்டால் அரிது என்ற சொல்லுக்கு மதிப்பிருக்காது. இதைத் தவிர்க்கத்தான் ஊசியின் துளையை நுனியில் வைக்காமல் பக்கவாட்டில் வைக்கிறார்கள், நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துகிறார்கள், மெதுவாக அழுத்துகிறார்கள். வாய்க்கு மேல் கட்டும் ரப்பர் தாள் இருக்கிறதே, ரப்பர் டேம், அதுவும் தொண்டைக்கு இது போகாமல் இருக்கத்தான்.

மூலிகைகளைத் தேடியதற்கு இந்தப் பயம் ஒரு காரணம். சென்னை ஆய்வாளர்கள் 2010இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பிடுங்கிய பற்களில் அந்த என்டரோகாக்கஸை மூன்று வாரமும் ஆறு வாரமும் வளரவிட்டார்கள். அவ்வளவு நாள் விட்டால் கிருமிகள் தனித்தனியாக இருக்காது, படித்துறைப் பாசி போல வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் திரிபலா, பச்சைத் தேயிலைச் சத்து, ஹைப்போகுளோரைட் முதலியவற்றை விட்டுப் பார்த்தார்கள். கடுக்காயும் நெல்லிக்காயும் தான்றிக்காயும் சேர்ந்த அந்தத் திரிபலா கிருமியை நன்றாகவே குறைத்தது, தேயிலையும் குறைத்தது. முதலிடம் மட்டும் 5 சதவீத ஹைப்போகுளோரைட்டுக்குத்தான். 2008இல் அமெரிக்காவில் நோனிச் சாற்றை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நம் மஞ்சணத்திக்கு அது நெருங்கிய சொந்தம். அந்தச் சாறு விட்டு, பிறகு ஈ.டி.டி.ஏ. விட்டுக் கழுவியபோது, தூள்படலம் நீங்கியது ஹைப்போகுளோரைட் முறைக்கு நிகராக இருந்தது. இந்த முடிவைச் சொல்பவர்கள் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கூடவே ஈ.டி.டி.ஏ. இருந்தது. புளியின் வேலையைப் புளி செய்தது.

ஆக, செடிச்சாறுகள் கிருமியைக் கொல்கின்றன. அதில் சந்தேகம் வேண்டாம். கடுக்காயின் துவர்ப்பைத் தரும் டானின் கிருமியின் புரதங்களில் ஒட்டி அவற்றை முடக்குகிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சதையைக் கரைக்குமா? டானின் தோல் பதனிடப் பயன்படும் பொருள். புரதத்தைக் கரைப்பது அதன் இயல்பல்ல, இறுக்கிப் பதப்படுத்துவதே அதன் இயல்பு. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் அழுகாமல் நிற்பது அதனால்தான். பக்கச் சந்தில் மாட்டிய பற்கூழ்த் துணுக்கைத் துவர்ப்பு நீர் கரைத்து வெளியே கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை. என் கணக்கில் மூலிகை, ஹைப்போகுளோரைட் வாதம் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடுகிறது.

மீதி கால்வாசி சோதனை முறையைப் பற்றியது. பல ஆய்வுகள் கிருமி வளர்த்த கூழ்த்தட்டில் மருந்தை வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் கிருமி வளரவில்லை என்று அளக்கின்றன. வட்டம் பெரிதானால் மருந்து வலிது என்பார்கள். கூழில் எளிதாகப் பரவும் பொருளுக்கு வட்டம் பெரிதாகவே வரும், பரவாத பொருளுக்குச் சிறிதாகவே வரும். வலிமைக்கும் அதற்கும் முழுப் பொருத்தம் கிடையாது. தட்டில் டென்டினும் இல்லை, சீழும் இல்லை, சந்தும் இல்லை. பிடுங்கிய பல் அதைவிட மேல். உயிருள்ள வாயில் சிகிச்சை செய்து, ஓராண்டு, ஈராண்டு கழித்து எக்ஸ்ரேயில் வேர்நுனிப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான தேர்வு. மூலிகைக் கழுவுநீர்களுக்கு அப்படிப்பட்ட தேர்வுகள் மிகக் குறைவு.

சாறு ஒரே மாதிரி இருப்பதும் கடினம். எந்த ஊர்க் கடுக்காய், எந்த மாதத்துத் தேயிலை, தண்ணீரில் வடித்ததா ஆல்கஹாலில் வடித்ததா என்பதைப் பொறுத்துச் சத்து மாறும். புட்டியில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. மஞ்சளும் தேயிலையும் கறை விடும், முன்பல்லில் அது சிறிய விஷயமல்ல. செடி என்பதாலேயே சாது என்று நினைக்கவும் கூடாது. சேராங்கொட்டையும் மூலிகைதான், அதன் பால் பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

அப்படியானால் மூலிகைக்கு இங்கே இடமே இல்லையா என்றால், இருக்கிறது, எதிர்பார்க்காத இடத்தில். ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவிய டென்டினில் அதன் ஆக்சிஜனேற்றம் மிச்சமிருக்கும். அதன்மேல் பல்நிற அடைப்புப் பசை சரியாக ஒட்டாது. வைட்டமின் சி உப்பு, திராட்சை விதைச் சத்து, பச்சைத் தேயிலைச் சத்து போன்றவற்றால் கடைசியாக ஒரு முறை கழுவினால் ஒட்டும் வலிமை மீள்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விளம்பரங்களில் நாம் கேட்டுச் சலித்த ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ குணம்தான் இங்கே வேலை செய்கிறது. அதே குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் செடிச்சத்து ஹைப்போகுளோரைட்டையே செயலிழக்கச் செய்துவிடும். முதலில் அது, நடுவில் நீர், பிறகு இது என்று வரிசை முக்கியம்.

இன்னொரு இடம், வேர் முழுதாக வளராத சிறுவர் பற்கள். அங்கே வேர்நுனி அகலத் திறந்திருக்கும், அதற்கப்பால் வேரை மீண்டும் வளர்க்கக்கூடிய குருத்தணுக்கள் இருக்கும். வலுவான ஹைப்போகுளோரைட் அவற்றையும் அழிக்கும். அதனால் அந்த அணுக்களைக் கொண்டு வேரை வளரவைக்கும் மீட்டுருவாக்கச் சிகிச்சைக்கு 1.5 சதவீதமே போதும் என்று அமெரிக்க வேர்சிகிச்சை வல்லுநர் சங்கம் பரிந்துரைக்கிறது. அணுக்களுக்கு நோகாமல் கிருமியை மட்டும் அடக்கும் செடிச்சாறு ஒன்று தேறினால் இந்தச் சிகிச்சைக்கு அது பெரிய வரம். பால்பற்களிலும் இப்படித்தான், வேர் கரைந்துகொண்டிருக்கும், குழந்தைக்கு அந்தச் சுவையும் பிடிக்காது. மூலிகை ஆய்வுகள் இந்தப் பக்கம் இன்னும் கவனம் செலுத்தலாம் என்பது என் எண்ணம்.

கழுவி முடித்ததும் காகிதக் குச்சிகளால் உலர்த்தி, வேரை அடைப்பார்கள். அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சி கட்டாபெர்ச்சா. அதன் மூலப்பொருள் மலாயாக் காடுகளின் ஒரு மரத்துப் பால், நம் இலுப்பைக்குத் தூரத்து உறவு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து பல்லுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, யாரும் அதை மூலிகை என்று சொல்லி விற்பதில்லை.

மருத்துவர் மூலிகைக் கழுவுநீர் பயன்படுத்துவதாகச் சொன்னால், ஹைப்போகுளோரைட்டுடன் கூடவா, அதற்குப் பதிலாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட என்றால் கவலை இல்லை. பதிலாக என்றால், உள்ளிருக்கும் சதையை எது கரைக்கும் என்று அடுத்து கேட்கலாம். ரப்பர் டேம் கட்டுவார்களா என்றும் கேட்கலாம், இன்னும் பல இடங்களில் கட்டுவதில்லை. கழுவும்போது சுரீரென்ற வலி எழுந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையை உயர்த்துங்கள். வீடு திரும்பிய பிறகு கன்னம் வீங்கினால் அன்றே அழைத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் திரிபலா நீரில் வாய் கொப்பளிப்பவர்கள் கொப்பளிக்கலாம், ஈறுக்கு நல்லதுதான். சீழ்பிடித்த பல்லுக்கு அதையே மருந்தாக நம்பி நாள் கடத்துவதுதான் ஆபத்து. வாயில் சுழலும் நீர் பல்லின் மேற்பரப்பில் புரண்டு திரும்பிவிடும். கிருமி இருப்பது அடியில், தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் வேரின் உள்ளே. மேலே துளையிட்டு ஊசியை விடாதவரை எந்தக் கழுவுநீரும் அங்கே போய்ச் சேராது.