பன்றி இருமியதை யார் கேட்டார்கள்?

மலேசியாவில் ஈப்போ நகரைச் சுற்றிப் பன்றி வளர்த்துப் பிழைத்தவர்களுக்கு 1998-ன் கடைசி மாதங்களில் தூக்கம் போயிற்று. பன்றிகள் இருமின. நாய் குரைப்பதைப் போன்ற இருமல். கொட்டகையை விட்டு வெகுதூரம் வந்தாலும் காதில் விழும். சில பன்றிகள் செத்தன. பிறகு வளர்த்தவர்களும் விழ ஆரம்பித்தார்கள். முதலில் காய்ச்சலும் தலைவலியும் வரும், அப்புறம் நினைவு தப்பும், பலருக்கு அதோடு முடிந்துவிடும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றது அரசாங்கம். அது கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பதில் இல்லை. அந்த நோய் அந்த மண்ணில் ஏற்கெனவே உண்டு. பன்றியின் உடம்பில் பெருகி, கொசு வழியாக மனிதனுக்கு வருவது. முதலில் வந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் அதன் தடயமும் கிடைத்தது. ஆகவே கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

பன்றிக்காரர்களுக்குத்தான் கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கும்; இங்கே சாய்ந்தவர்கள் நல்ல திடகாத்திரமான ஆண்கள். அது வளர்ந்த பன்றியை இப்படிப் படுக்கவைக்காது. இங்கே பன்றிகள் இருமிச் செத்தன. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்திலேயே குடியிருந்த, பன்றியைத் தொடாத மலாய் முஸ்லிம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? இதைக் கேட்க வைராலஜி படித்திருக்க வேண்டியதில்லை. பண்ணையில் நின்றவர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை.

பயந்துபோனவர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரியேறிய பன்றிகளோடு நோயும் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது நாட்டின் மிகப்பெரிய பன்றிப் பண்ணை வட்டாரங்களில் ஒன்றாக இருந்த புக்கிட் பெலாண்டோக் அங்கேதான் இருக்கிறது. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக் கூடத்தில் வேலை செய்த 11 பேர் நோயில் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளை வெட்டியவர்கள் அவர்கள்.

அந்த மார்ச்சில்தான், மலாயா பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரை ஆய்வகச் செல்களில் விட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பெரிய உருண்டைகளாகத் திரண்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இப்படிச் செய்யாது. மாதிரியைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது வேறு குடும்பத்து வைரஸ். 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளையும், அவற்றைப் பழக்கியவரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய உறவு. மாதிரி கொடுத்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. அந்த ஊரின் பெயரே புதிய வைரஸின் பெயராகி, நம் செய்தித்தாள்களுக்கு வரும்போது ‘நிபா’ ஆனது.

ராணுவம் இறங்கிப் பன்றிகளைச் சுட்டது. ஏறக்குறைய 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. முதல் நோயாளிக்கும் சுவாவின் கண்டுபிடிப்புக்கும் இடையே அரை வருடம் ஓடியிருந்தது. அந்த அரை வருடமும் புகைதான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

‘உலக நோய்க் கண்காணிப்பு’ என்றதும் ஜெனீவாவில், உலகச் சுகாதார நிறுவனத்தில், சுவர் நிறையத் திரை வைத்த ஓர் அறை நம் மனத்தில் வரும். அப்படியோர் அறை இருக்கிறது. உலகெங்கும் வரும் செய்திகளைப் பல மொழிகளில் சலித்து, ‘மர்மக் காய்ச்சல்’ என்ற சொல் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்க்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் மர்மம் என்று முதலில் ஒருவர் சொன்னால்தானே செய்தி வரும், செய்தி வந்தால்தானே சலிக்க முடியும்? நிபாவின் கால் நூற்றாண்டுக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இந்தத் தொழிலின் அசல் கருவி, “இது வழக்கமானது மாதிரி இல்லையே” என்று ஒருவருக்குத் தோன்றுவது. தோன்றினால் மட்டும் போதாது, அவர் சொல்வதை மேலே இருப்பவர் காதில் வாங்கவும் வேண்டும்.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் சுவாதான் தேடிப் போனார். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, அவற்றில் விழுந்த சிறுநீரைச் சேகரித்தார்கள். அதிலும், வௌவால் கடித்துப் போட்ட பழத்திலும் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. ஈப்போ பண்ணைகளில் கொட்டகையை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றிருக்க வேண்டும். அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். கடித்தது அணில்தானா என்று எந்தக் கொய்யாவையும் விசாரித்ததில்லை.

2001 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் ஒரு மர்மக் காய்ச்சல் வந்தது. 66 பேருக்கு நோய். 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மருத்துவமனை ஊழியர்கள், நோயாளியைப் பார்க்க வந்த உறவினர்கள். மலேசியாவில் நிபாவைக் கண்டுபிடித்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனாலும் சிலிகுரியில் நடந்தது நிபாதான் என்று ஆய்வுக் கட்டுரை வந்தது 2006-ல். மலேசிய நிபா பன்றியிடமிருந்து வந்தது, மனிதரிடமிருந்து மனிதருக்கு அவ்வளவாகத் தாவவில்லை. சிலிகுரியில் பன்றிக்குப் பங்கே இல்லை, நோயோ வார்டுக்கு வார்டு தாவியது. தெரிந்த நோய்தான், வேறு வேஷத்தில் வந்ததால் ஆளை அடையாளம் தெரியவில்லை.

அதே 2001-ல் எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தின் மெஹர்பூரிலும் நிபா. வங்கதேசத்தில் பின்னாளில் பிடிபட்ட வழி இன்னும் விசித்திரம். குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டி, இரவெல்லாம் சொட்டும் சாற்றை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பது அந்த நாட்டுப் பழக்கம். பதநீர் குடித்தவர்களுக்கு அந்த ருசி விளங்கும். ஆய்வாளர்கள் மரங்களில் இரவுக் கேமரா பொருத்தினார்கள். வௌவால்கள் வந்து, சீவிய இடத்தை நக்கி, போகிற போக்கில் சிறுநீரும் கழித்துவிட்டுப் போவது படத்தில் விழுந்தது. பரிகாரத்துக்குப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை: சீவிய இடத்தையும் பானையின் வாயையும் மூடுகிற மாதிரி ஒரு மூங்கில் தட்டி. மரம் ஏறுகிறவர்களில் சிலர் தலைமுறை தலைமுறையாகவே அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு வைரஸ் தெரியாது. வௌவால் சாற்றைக் கெடுக்கும் என்று தெரியும்.

இனி கோழிக்கோடு.

2018 மே 5 அன்று பேராம்பிரா பக்கத்து இளைஞர் ஒருவர் மூளைக்காய்ச்சலில் இறந்தார். கேரளத்தில் மூளைக்காய்ச்சல் சாவு அபூர்வமில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மே 17 அன்று அவருடைய அண்ணனை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அதே வீட்டில் இன்னும் சிலருக்கும் காய்ச்சல். அங்கிருந்த மருத்துவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, தொற்றில்லாத சாதாரண மூளைக்காய்ச்சல் ஒரே வீட்டில் இப்படி ஆள் ஆளாய்ப் பிடிக்காது. இன்னொன்று, நோயாளியின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறியிருந்தன. மாதிரிகளை மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மறுநாளே நிபா என்று தெரிந்தது. மே 20-ல் புணே தேசிய வைராலஜி நிறுவனமும் உறுதி செய்தது. மலேசியாவில் அரை வருடம், சிலிகுரியில் ஐந்து வருடம், கோழிக்கோட்டில் இரண்டாவது நோயாளியிலேயே.

ஆனாலும் முதல் நோயாளியை அடையாளம் காணாமல் விட்டதற்கு விலை இருந்தது. முதல் இளைஞர் இருந்த மருத்துவமனைகளில்தான் மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் தொற்றியிருந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைக் கவனித்துக்கொண்ட ஒப்பந்தச் செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். உறுதி செய்யப்பட்ட 18 பேரில் பிழைத்தவர்கள் இருவர்தான். 2,000-க்கும் மேற்பட்ட தொடர்பாளர்களைத் தேடிப் பட்டியலிட்டு, தினமும் விசாரித்து, அதோடு நோயை நிறுத்தியது கேரளம். மறு வருடம் ‘வைரஸ்’ என்று மலையாளப் படமே வந்தது.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்த வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருப்பதைப் பார்த்து, இவைதான் குற்றவாளிகள் என்று பிடித்துச் சோதித்தார்கள். ஒன்றிலும் வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பிறகு பழந்தின்னிகளைப் பிடித்தபோதுதான் வைரஸ் கிடைத்தது. பின்னாளில் தேசிய வைராலஜி நிறுவனம் பல மாநிலங்களில் வௌவால்களைச் சோதித்ததில், தமிழ்நாட்டுப் பழந்தின்னிகளிடமும் நிபாவின் தடயம் தெரிந்தது. இதற்காக மரத்தை வெட்டுவதும் வௌவாலை விரட்டுவதும் வீண் வேலை. அலைக்கழித்தால் அவை இன்னும் நாலு ஊருக்குப் பறக்கும். வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கிராமங்கள் நம்மிடம் உண்டு. அவர்கள் செய்வது சரி.

சொல்வதைப் பற்றிப் பேசினோம். சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்கலாம். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் கிளம்பிய சார்ஸ், உலகச் சுகாதார நிறுவனத்துக்கு முறையாகத் தெரியவந்தது 2003 பிப்ரவரியில். முடிவில் 8,096 நோயாளிகள், 774 சாவுகள். அந்தச் சூட்டில்தான் உலக நாடுகள் பழைய சர்வதேசச் சுகாதார விதிகளைத் திருத்தின. அதுவரை காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் மூன்றை மட்டும்தான் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். 2007-ல் அமலுக்கு வந்த புதிய விதிப்படி, உலகைப் பாதிக்கக்கூடிய எந்த நிகழ்வையும் மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு வாயைத் திறக்காவிட்டால், பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டே ‘இது என்ன?’ என்று நிறுவனம் கேட்கலாம்.

காகிதத்தில் நல்ல விதி. நடப்பில், 2018-ல் கேரளம் நிபாவை ஒளிக்காமல் சொன்னது. சில நாளில் ஐக்கிய அரபு அமீரகம் கேரளக் காய்கறி, பழங்களுக்குத் தடை போட்டது. 2021 நவம்பரில் கொரோனாவின் ஒமைக்ரான் திரிபை மரபணு வரிசையோடு உலகுக்குக் காட்டிக்கொடுத்தது தென்னாப்பிரிக்கா. ஓரிரு நாளிலேயே பணக்கார நாடுகள் விமானங்களை நிறுத்தின. அதற்குள் ஒமைக்ரான் ஐரோப்பாவுக்குள் நுழைந்தும் விட்டிருந்தது. திருடன் வருகிறான் என்று கத்தியவன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதற்கு என்ன பெயர்? தெரிவிக்கும் நாட்டுக்கு ஏற்படும் வியாபார நஷ்டத்தை மற்ற நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளாதவரை, அடுத்த மந்திரி முதலில் வாயைப் பொத்திக்கொள்ளத்தான் பார்ப்பார்.

நிபாவுக்கு இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ மருந்தோ இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை 2024-ல்தான் மனிதர்களில் சோதிக்கத் தொடங்கியது. கையில் இருப்பது சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒன்றுதான். அது பலிக்கவும் செய்கிறது: 2019-ல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. அவர் பிழைத்தார், அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை.

ஜெனீவாவில் முடியும் இந்தத் தகவல் ஏணிக்கு நம் நாட்டில் மூன்று அடிப்படிகள். 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் அவற்றுக்கு எஸ், பி, எல் என்று பெயர். எல் படிவம் ஆய்வகத்துக்கு, பி படிவம் மருத்துவருக்கு. எஸ் படிவம் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு. வீடு வீடாகப் போய் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எண்ணுகிறவர் அவர். படிவம் இப்போது கைப்பேசித் திரைக்கு மாறிவிட்டது. படியேறி வருகிறவர் மாறவில்லை.

அடுத்த முறை அவர் வாசலில் நின்று, “வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?” என்று கேட்டால், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் “இல்ல” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.