சரிவில் வழியும் குளிர்

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மேட்டுத் தேயிலை பசுமையாக நிற்கிறது. ஓடையோரச் செடிகள் மட்டும் உறைபனியில் கருகுகின்றன. உயரம் கூடினால்தானே குளிர் கூடும்?"

பகலில் சரிதான். மேகமில்லாத, அமைதியான இரவில் கணக்கு மாறுகிறது. தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்குகிறது. எங்கள் ஊர் வயலில் மடை திறந்த தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போய், வரப்பு மறித்த இடத்தில் தேங்குவதைப் போலத்தான் இதுவும்.

இந்தக் காற்றை அளப்பதுதான் சிரமம். வானிலைக் கம்பத்தின் காற்றுமானி 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். சரிவுக் காற்றோ பல இடங்களில் சில மீட்டர் தடிப்புதான். கீழே இறக்கி வைத்தாலும், வினாடிக்கு அரை மீட்டருக்குக் குறைந்த வேகத்தில் பல கிண்ணக் காற்றுமானிகள் சுழல்வதே இல்லை. ஊதுபத்திப் புகை சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பதிவேட்டில் 'காற்று இல்லை' என்று ஏறிவிடும்.

என்னை மயக்கிய கருவி மீயொலிக் காற்றுமானி. அதில் சுழலும் பாகமே கிடையாது. ஏறக்குறைய 15 செ.மீ. இடைவெளியில் எதிரெதிராக இரண்டு முனைகள். ஒன்று ஒலி எழுப்ப மற்றது கேட்கும், பிறகு மாறி எழுப்பும். காற்றோடு போகும் ஒலி சற்று முந்தும், எதிர்த்துப் போவது பிந்தும். வினாடிக்கு 30 செ.மீ. வேகக் காற்றில் அந்த வித்தியாசம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் பிடித்துவிடுகிறது!

ஓரிடத்தில் அளந்தால் போதாது. பல சரிவுகளின் குளிர் கூடிப் பள்ளத்தாக்கு நெடுக ஓடும் நீரோட்டம் போன்ற காற்று, தடிப்பில் நூறு மீட்டரையும் தாண்டும். 1984இல் அமெரிக்காவின் கொலராடோவில், பிரஷ் கிரீக் பள்ளத்தாக்கில், கயிற்றில் கட்டிய பலூன்களையும் லேசர் ஒளியால் காற்றை அளக்கும் லிடாரையும் வைத்து ஆய்வாளர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள்.

நம் மலைகளில் ஊருக்கு ஒரு வெப்பநிலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். ஓடைப் பள்ளத்தில் பயிரிடுபவருக்கு அந்த எண் உதவாது. ஓடைக்குக் குறுக்கே மதிலும் கட்டடமும் எழுப்பும்போது, தண்ணீரின் வழியைப் பற்றியாவது யாரேனும் கேட்பார்கள். காற்றின் வழியைப் பற்றிக் கேட்பதே இல்லை. குளிர் அங்கே தேங்கினால் நட்டம் மேலண்டைத் தோட்டக்காரருக்கு. இது அநியாயம்.

கோத்தகிரி நண்பரே, ஓடையோரம், நடுச்சரிவு, மேடு என மூன்று இடங்களில் ஒரே உயரத்தில், வானம் நேரே படாமல் மூடியிட்டு, குறைந்தபட்ச வெப்பமானிகளைத் தொங்கவிடுங்கள். விடிந்ததும் குறித்துவையுங்கள். தோட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் அடர்ந்த வேலி இருந்தால், கீழ்த்தோட்டக்காரரைக் கலந்துகொண்டு, பனிக்காலத்துக்கு முன் அதில் ஓர் இடைவெளி விடுங்கள்.