மூலம்: மூன்று நாளுக்குள் காட்டுங்கள்

கச்சிராயபாளையத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் சிலர் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். "பரவால்ல சார், நிக்கிறேன்" என்பார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டால் "ஒடம்பு சூடு சார்" என்பார்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகுதான் "ரத்தமா போவுது சார்" என்ற சொல் வரும். எத்தனை நாளாக என்று கேட்டால் யாரும் நாள் கணக்குச் சொல்வதில்லை. போன கரும்பு வெட்டிலிருந்து என்பார் ஒருவர். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து என்பார் இன்னொருவர்.

கரும்பு வெட்டு முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் இவர்கள் அதிகம் வருகிறார்கள். விடியற்காலையில் கொல்லைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு மதியம் வரை வெட்டுகிறவர்கள், ஆலை வாசலில் லோடு இறங்கும் வரை டிராக்டரை விட்டு இறங்காதவர்கள், கல்வராயன் மலை மேலுள்ள வெள்ளிமலையிலிருந்து வளைவு வளைவான பாதையில் பஸ்ஸில் வலியோடு இறங்கி வருகிறவர்கள். முதல் நாளே காட்டியிருந்தால் இவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தும் சாப்பாட்டு மாற்றமுமே போதுமாக இருந்திருக்கும்.

எல்லா வலியும் மூலம் அல்ல

ஆசனவாயில் என்ன வந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர் மூலம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

உள் மூலம் பெரும்பாலும் வலிக்காது. மலம் கழிக்கும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், சில நேரம் பீச்சும். முக்கும்போது சதை வெளியே வரும். அது தானாக உள்ளே போகும், அல்லது விரலால் தள்ள வேண்டியிருக்கும். வலிக்கவில்லை என்பதாலேயே வருடக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில் வெளுத்த முகத்தோடு வருகிற பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நேற்று வரை ஒன்றுமில்லாமல் இருந்து, இன்று ஆசனவாய் ஓரத்தில் திராட்சை போல நீலம் பாய்ந்த கட்டி எழும்பி, உட்காரவே முடியாமல் வலித்தால், அது வெளி மூலத்தில் ரத்தம் உறைந்த நிலை. முதல் இரண்டு மூன்று நாளில்தான் வலி உச்சத்தில் இருக்கும். அந்த 72 மணி நேரத்துக்குள் வந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து உறைந்த ரத்தத்தை எடுத்துவிட முடியும். அன்றைக்கே வலி பெருமளவு குறையும். நீங்களோ முழு வாரமும் வலியைத் தின்றுவிட்டு, கட்டி தானாக வற்றத் தொடங்கும் நேரத்தில் வருகிறீர்கள்.

மலம் போகும்போது கண்ணாடிச் சில்லால் அறுப்பது போல வலித்து, பிறகும் மணிக்கணக்கில் எரிந்தால், அது பெரும்பாலும் மூலம் அல்ல, ஆசனவாய் வெடிப்பு. ஓரத்தில் சிறு துளையிலிருந்து சீழ் கசிந்துகொண்டே இருந்தால் அது பவுத்திரம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பார்க்காமல் எதற்கும் மருந்து கொடுக்க முடியாது.

நம்பிக்கைகளும் உண்மையும்

"சூட்டால் வருது." வெயிலில் வேர்த்து, குடிக்கிற தண்ணீர் போதாமல் மலம் இறுகுகிறது. இறுகியதை முக்கித் தள்ளும்போது ரத்தக் குழாய்கள் புடைக்கின்றன. உடம்புச் சூட்டைத் தணிக்கிறேன் என்று இளநீரும் எண்ணெய்க் குளியலுமாக நிறுத்திக்கொண்டால் மலச்சிக்கல் அப்படியே இருக்கும்.

"கோழிக்கறி தின்னா மூலம் வரும்." கோழி மூலத்தைக் கொண்டுவருவதில்லை. வெள்ளைச் சோறும் கறியும் மட்டும் தின்று, காய் கீரையைத் தட்டிலிருந்து ஒதுக்குவதுதான் கொண்டுவருகிறது. காரம் மூலத்தை உண்டாக்காது. ஆனால் வெடிப்பு இருப்பவருக்கு எரியும்.

"சாப்பாட்டைக் குறைச்சா வெளிக்கிப் போவ வேண்டியதில்ல." இப்படிப் பட்டினி கிடந்தே பலர் நோயை வளர்க்கிறார்கள். குறைவாகத் தின்றால் மலம் இன்னும் இறுகும். அடுத்த முறை அறுப்பு அதிகமாகும்.

"துத்தி இலையும் கடுக்காயும் போதும்." துத்திக் கீரையைச் சமைத்துத் தின்னுங்கள், நல்லது. கருணைக்கிழங்கும் வாழைத்தண்டும் தாராளமாகத் தின்னலாம். நம் கல்வராயன் மலையில் விளைகிற கடுக்காய், மலத்தை இளக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஆறு மாதமாக ரத்தம் போகிறவர் கடுக்காய்ப் பொடியை நம்பி வீட்டில் இருப்பது ஆபத்து. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பொடிக்குத் தெரியாது.

எருக்கம்பாலையும் சுண்ணாம்பையும் அங்கே தடவாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அது மூலத்தைக் கருக்குவதில்லை, உங்கள் சதையை வேகவைக்கிறது. புண்ணாகிச் சீழ் பிடித்து வருகிறவர்களைத் தொட்டுப் பார்க்கக்கூட முடிவதில்லை.

"ஆபரேஷன் இல்லாம ஒரே ஊசியில சரியாயிடும்." பஸ் நிலையச் சுவர்களில் இந்தச் சுவரொட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்ன ஊசி, என்ன மருந்து என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது, சீட்டும் இருக்காது. சீழ் கட்டியும், ஆசனவாய் சுருங்கி மலம் நூலாக வரும் நிலையிலும் அவர்கள் கடைசியில் வருகிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலே பணம் வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள் என்கிறேன்.

"மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கிட்டேன்." ரத்தம் போகும்போது டைக்ளோபினாக், புரூபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து கிழியும். கண்ட பேதி மாத்திரையைத் தினமும் போட்டால் குடல் அதற்குப் பழகிவிடக்கூடும். தயவுசெய்து உங்களுக்கு நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள்.

"மூலம் புற்றுநோயா மாறிடும்." மாறாது. ஆனால் குடல் புற்றுநோயில் வரும் ரத்தத்தை மூலம் என்று நினைத்து விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதிகம் பயம் தருவது அவர்களைப் பற்றிய நினைப்புதான்.

வலி தணிய வீட்டில் செய்ய வேண்டியவை

அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இடுப்பு நனைய 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, மலம் கழித்த பிறகு கட்டாயம் ஒரு முறை. டெட்டாலோ உப்போ மஞ்சளோ வேண்டாம், வெறும் வெந்நீரே போதும். திடீரென எழும்பிய கட்டிக்கு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சில நிமிடம் வைக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். ஒருக்களித்துப் படுங்கள்.

இரவில் ஒன்றிரண்டு தேக்கரண்டி இசப்கோல் உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் வந்துவிடுங்கள்.

ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பயந்தே பலர் வருவதில்லை. பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. உள் மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறை உண்டு. அறுவை தேவைப்படும் சிலருக்கும் தூரம் போக வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சிறுவங்கூரிலேயே இருக்கிறது.

தள்ளிப்போடக்கூடாத அறிகுறிகள்

காய்ச்சலோடு ஆசனவாய் வலி, அதுவும் சர்க்கரை நோயாளிக்கு. வெளியே வந்த சதை உள்ளே போகாமல் கறுத்து வலிப்பது. சிறுநீர் போகாமல் நிற்பது. ரத்தம் நிற்காமல் போய்த் தலை சுற்றுவது. இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே வாருங்கள். ரத்தம் மலத்தோடு கலந்து வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, சில வாரங்களாக மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, 45 வயதுக்கு மேல் முதல் முறையாக ரத்தம் தெரிவது ஆகியவை அந்த வாரமே காட்ட வேண்டியவை. விரலால் பார்ப்பது, சிறு குழாய் வைத்துப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, தேவையானால் கொலோனோஸ்கோபி, அவ்வளவுதான் சோதனை.

உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்

மலையில் தீட்டாத சாமையும் கேழ்வரகும் தின்ற வீடுகளில் இன்று மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. மரவள்ளி விளையும் நம் பக்கத்தில் ஜவ்வரிசிக் கஞ்சியை உடம்புக்கு நல்லது என்று குடிக்கிறார்கள், அதில் நார் அனேகமாக இல்லை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் உடம்புக்குள் போக வேண்டும். முருங்கைக் கீரை, அவரை, மொச்சை, கொய்யா எல்லாம் நம் வேலியிலும் கொல்லையிலும் இருப்பவைதானே? கொல்லைக்குப் போகும்போது ஒரு சொம்புக்குப் பதில் ஒரு குடம் தண்ணீர் கொண்டு போங்கள். கக்கூஸுக்குள் செல்போனை எடுத்துப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், முக்காதீர்கள்.

கர்ப்பிணிகளே, இரும்புச் சத்து மாத்திரை மலத்தை இறுக்குகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது.

வீட்டு ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்கள் காலையில் வந்த உணர்வை இருட்டும் வரை அடக்குகிறார்கள். வயலில் மறைவு இல்லை, வீட்டில் கக்கூஸ் இருந்தும் அதில் தண்ணீர் இல்லை. கக்கூஸுக்குள் தட்டுமுட்டுச் சாமான் வைக்காதீர்கள், ஒரு குடம் தண்ணீரை நிரப்பி வையுங்கள். பிறகு அவர்களிடம் "உனக்கு ரத்தம் போவுதா?" என்று ஒரு முறை கேளுங்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் அவர்கள் வருடக் கணக்கில் சொல்லாமல் இருக்கிறார்கள். கேட்டு, கூட்டி வாருங்கள். பெண் மருத்துவரோ நர்ஸோ பக்கத்தில் இருக்கும்போதுதான் பார்ப்போம். அதற்கு நான் பொறுப்பு.