லஞ்சம் வாங்காத அதிகாரி யார்? டி.வி.யில் போட்டி, ஓட்டு போட்ட ஜனங்கள்

காத்மாண்டு:

டி.வி.யில் பாட்டு போட்டி, டான்ஸ் போட்டி என்றால் குடும்பமே உட்கார்ந்து பார்க்கும். பிடித்தவருக்கு எஸ்.எம்.எஸ். தட்டி விடுவார்கள். அதே மாதிரி "நேர்மையான அரசு அதிகாரி யார்?" என்று போட்டி வைத்தால்?

நேபாள நாட்டில் நிஜமாகவே வைத்தார்கள். 2014-ம் ஆண்டு தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் பெயர் 'இன்டக்ரிட்டி ஐடல்'. நடத்தியது அக்கவுன்டபிலிட்டி லேப் என்ற தொண்டு நிறுவனம்.

எப்படி நடக்கும்?

கை நீட்டாமல் வேலை செய்கிற அதிகாரி யார் என்று ஜனங்களே பெயர் கொடுப்பார்கள். நடுவர் குழு அலசி ஆராய்ந்து 5 பேரை தேர்ந்து எடுக்கும். அந்த 5 பேர் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்பதை படம் பிடித்து டி.வி.யில் காட்டுவார்கள். ரேடியோவிலும் வரும். பிறகு எஸ்.எம்.எஸ்., இன்டர்நெட் மூலம் ஓட்டு. ஜெயித்தவருக்கு பணம் காசு கிடையாது, பெயர் மட்டும்தான்.

முதல் ஆண்டு ஜெயித்தவர் மாவட்ட கல்வி அதிகாரி கியான் மணி நேபாள்.

எதற்கு இந்த போட்டி?

லஞ்சம் வாங்கி மாட்டியவர் போட்டோ பேப்பரில் வரும். வாங்காதவர் பெயர் பக்கத்து தெருவுக்கு கூட தெரியாது. ஆபீசிலும் அவருக்கு "பிழைக்கத் தெரியாத ஆள்" என்ற பட்டம்தான். அதனால் கெட்டவரை திட்டுவதற்கு பதில் நல்லவரை பிரபலம் ஆக்குவோம் என்று கிளம்பினார்கள். பார்க்கிற ஜனங்களுக்கும் "அங்கே காசு கொடுக்காமல் வேலை நடக்குதே, இங்கே ஏன் நடக்கலை?" என்று கேட்க தைரியம் வரும்.

லைபீரியா, மாலி, பாகிஸ்தான், நைஜீரியா என்று நிகழ்ச்சி பரவியது. 2019-ல் இலங்கைக்கும் வந்தது. பிறகு 'இன்டக்ரிட்டி ஐகான்' என்று பெயர் மாறியது.

டி.வி. மட்டும் போதுமா?

போதாது. 5 நல்லவர்களை காட்டினால் மற்ற ஆபீசுகள் திருந்தி விடாது. தப்பு செய்தவரை பிடித்து தண்டிக்க சட்டம் வேலை செய்ய வேண்டும். நேபாளத்தில் ஊழலை விசாரிக்க 1991-ல் இருந்தே தனி ஆணையம் உண்டு. தகவல் உரிமை சட்டம் 2007-ல் வந்தது. ஆனாலும் ஜனங்களின் கோபம் தீரவில்லை.

2025 செப்டம்பரில் அந்த கோபம் வெடித்தது. சமூக வலைத்தளங்களுக்கு அரசு தடை போட, ஊழலை எதிர்த்து இளைஞர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூடு, கலவரத்தில் 70-க்கும் மேற்பட்டோர் பலி ஆனார்கள். 9-ந்தேதி பிரதமர் சர்மா ஒலி ராஜினாமா செய்தார்.

அடுத்தது யார்? 'டிஸ்கார்டு' என்ற ஆப்-பில் இளைஞர்கள் விவாதம் நடத்தி ஓட்டு போட்டார்கள். வந்த பெயர், முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி. ஊழல் வழக்குகளில் கறாராக இருந்தவர். 2017-ல் அவரை பதவி நீக்கவே எம்.பி.க்கள் தீர்மானம் கொண்டு வந்தார்கள். 12-ந்தேதி அவரே இடைக்கால பிரதமராக பதவி ஏற்றார்.

2014-ல் டி.வி. பார்த்து ஓட்டு போட்டபோது கேட்ட அதே கேள்விதான் இதுவும்: கை சுத்தமான ஆள் யார்? இந்த முறை அதைக் கேட்பதற்குள் 70 உயிர்களுக்கு மேல் போய் விட்டது.