செய்தலும் செய்வித்தலும்

மேசனை அழைத்து வீட்டுக் கூரையைச் சீர்செய்தபின், அயலவரிடம் "கூரையைத் திருத்தினேன்" என்கிறோம். ஏணியில் ஏறியவர் நாமல்லர் என்பதை அவரும் அறிவார். "முடி வெட்டினேன்" என்றால் கத்தரிக்கோல் பிடித்தவர் வேறொருவர் என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆயின் இதனை அப்படியே ஆங்கிலமாக்கி, "ஐ ரிப்பேர்ட் த ரூஃப்" என்று எழுதினால், படிப்பவர் நம்மையே மேசனாகக் கொள்வார்.

"ஐ ஹேட் த ரூஃப் ரிப்பேர்ட்" என்பதே அங்கு வழக்கு. நன்னூல் கற்றோர்க்கு இது புதிதன்று. செய், செய்வி, நடத்தல், நடப்பித்தல் என்னும் பிறவினையே இது. தமிழ் ஒரு விகுதியால் முடிப்பதை ஆங்கிலம் சொல்வரிசையால் முடிக்கிறது. "ஐ ஹேட் ரிப்பேர்ட் த ரூஃப்" என்று வரிசை மாறிவிட்டால், "நானே முன்னர்த் திருத்தியிருந்தேன்" என்றாகிவிடும். மாணவர் பெரிதும் இடறுவது இங்கேதான்.

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். யன்னலும் கதிரையும் அலுமாரியும் முன்னவர் விட்டுச் சென்றவை. கந்தோர் பின்னவர் தந்தது. சொல்லைக் கடன் வாங்குவதில் நாம் வல்லவர்கள். வாக்கிய அமைப்பு அவ்வளவு எளிதில் கைவருவதில்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. எனினும் நீரிறைக்கும் மோட்டருக்கோ குளிரூட்டிக்கோ கம்பெனியிலிருந்து வரும் விலைத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதில் கவனிக்கவேண்டியவை இரண்டு சொற்கள். "எஸ்டிமேட்" என்பது உத்தேசக் கணக்கு. வேலை நடக்கையில் தொகை ஏறக்கூடும். "குவொட்டேஷன்" என்பது இன்ன வேலைக்கு இன்ன விலை என்னும் வாக்கு. ஒப்புக்கொண்டபின், வேலை மாறாதவரை விலையும் மாறலாகாது. நம்மூரில் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். உத்தேசத்தை உறுதியென்று நம்பிக் கையொப்பமிட்டவர், மேலதிகத் தொகைக்குக் கடன்பட நேரிடலாம். ஆகையால், "இஸ் திஸ் எ ஃபிக்ஸ்ட் பிரைஸ்?" என்று கேளுங்கள். கூலி மட்டுமா, சாமான்களும் சேர்ந்தா என்பதை அறிய, "டஸ் இட் இன்க்ளூட் மெட்டீரியல்ஸ்?" என்று கேளுங்கள். இவ்விரு கேள்விகளும் நாவில் நின்றால், இலக்கணம் சற்றுப் பிசகினும் பணம் தப்பும்.

மரியாதை பற்றியும் ஒரு சொல். "நாளைக்கு வாருங்கள்" என்பதில் "உங்கள்" விகுதியே பணிவைத் தாங்குகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய விகுதி இல்லை. "கம் டுமாரோ" என்பது கட்டளையாகவே ஒலிக்கும். அதனையே கேள்வியாக்கி, "குட் யூ கம் டுமாரோ?" என்பர். ஓடாவியாயினும் எஞ்சினியராயினும் இதுவே முறை.

கடைசியாகத் தவணை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தரவேண்டுமாயின் "பை ஃப்ரைடே" என்க. "டில் ஃப்ரைடே" என்றால், வெள்ளிவரையும் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கச் சொன்னதாகும். நாட்கூலிக்கு வந்தவருக்கு அது மிகவும் உவப்பான ஆங்கிலம்.